மின்சாரம் தரும் நுண்ணுயிர்க் கூட்டங்களும் மரபணுத்தொகை ஆய்வும்

மின்சாரம் தரும் நுண்ணுயிர்க் கூட்டம் என்பது, தான் சிதைக்கும் உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களைத் தன் உடலுக்கு வெளியே உள்ள ஒரு பொருளிடம் ஒப்படைக்கத் தெரிந்த பாக்டீரியாக்களும், அவற்றைச் சுற்றி வாழும் பிற நுண்ணுயிர்களும் சேர்ந்த கூட்டமாகும். அந்த வெளிப்பொருள் ஒரு கரித்தண்டாக இருந்து, அதில் ஒரு கம்பி இணைக்கப்பட்டிருந்தால், கம்பியில் மின்னோட்டம் கிடைக்கும். இவ்வாறு மின்சாரம் கிடைக்கிறது என்பது 1911 முதல் தெரியும். கூட்டத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான உயிர்களில் எது அதைத் தருகிறது என்பது ஏறத்தாழ 90 ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. நுண்ணோக்கியாலோ வேதியியல் சோதனையாலோ விடை கிடைக்கவில்லை. டி.என்.ஏ.வைப் படிக்கும் முறைகள் வந்த பிறகே கிடைத்தது. அந்த வரலாறும், அதற்கும் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைக் கழிவுநீருக்கும் உள்ள தொடர்பும் இக்கட்டுரையில் தரப்படுகின்றன.

சேகோ ஆலையின் புளித்த நீர்

சேலம் ரயில் சந்திப்பு அமைந்திருக்கும் சூரமங்கலத்தை அடுத்து, ஓமலூர் சாலையில் ஜாகீர் அம்மாபாளையம் உள்ளது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் அங்குதான் இயங்குகிறது. இச்சங்கம் 1981இல் தொடங்கப்பட்டது. தொழில் அதற்கும் மூத்தது. இரண்டாம் உலகப்போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. அச்சமயத்தில், 1943 வாக்கில், சேலத்து வணிகரான மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். மலேயாவில் ஜவ்வரிசி சேகோ பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்டது. சேலத்து ஜவ்வரிசி முழுக்க முழுக்கக் குச்சிக்கிழங்கு. ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று ஆலைகள் பரவின. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி, அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுவார்கள். மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் நீர் வெளியேற்றப்படும். கையிருப்பாகத் திப்பி மிஞ்சும். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மிஞ்சும் நீர்தான் தொல்லை. அதில் கரையாத மாவுத் துகளும் சர்க்கரையும் ஏராளம். சில மணி நேரத்திலேயே புளித்து அமிலமாகி நாற்றம் எடுக்கும். மரவள்ளியில் இயற்கையாக உள்ள லினமாரின் என்னும் பொருள் சிதைந்து சயனைடும் சிறிதளவு சேரும். உயிரியல் ஆக்சிஜன் தேவை என்ற அளவீட்டில், உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். சுத்திகரிக்காத சேகோ நீரில் இது பல ஆயிரம் மில்லிகிராம். இப்படிப்பட்ட நீர் ஓடையில் விழுந்தால் ஓடையின் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். நிலத்தில் தேங்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிச் சேலம் நகரத்தைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் திருமணிமுத்தாற்றின் கரையில் இருப்பவர்களுக்குக் கழிவுநீர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த நீரில் அவ்வளவு உணவு இருக்கிறது என்பதன் மறுபக்கம், அவ்வளவு ஆற்றலும் இருக்கிறது என்பதே. அதை உண்ணும் நுண்ணுயிர்களிடமிருந்து ஒரு பங்கைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வி சேகோ ஆலைகளுக்கு முன்பே, வேறொரு நாட்டில் எழுந்தது.

பாட்டரும் கோஹனும்

இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் கிரெஸ் பாட்டர், 1911இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது, அக்கரைசலில் வைத்த பிளாட்டினத் தகட்டுக்கும் உயிரில்லாத கரைசலில் வைத்த தகட்டுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுவதை அவர் அளந்து காட்டினார். கிடைத்தது 0.3 முதல் 0.5 வோல்ட். நூறு ஆண்டு கடந்தும் ஒற்றைக் கலத்தின் அளவு இதைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர் வேதியியல் விதிக்கும் எல்லை அது.

1931இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்னெட் கோஹன் இத்தகைய கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் எடுத்தார். மின்னோட்டமோ 2 மில்லிஆம்பியர்தான். 1960களில் விண்வெளிப் பயணத்தில் மனிதக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று அமெரிக்கர்கள் ஆராய்ந்தனர். சூரியத் தகடுகள் வந்ததும் ஆர்வம் குறைந்தது. 1980களில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பீட்டர் பென்னெட்டோ இதை மீண்டும் கையில் எடுத்தார். அவர் முறையில் தயோனின் போன்ற ஒரு சாயப்பொருள் கரைசலில் சேர்க்கப்படும். அது செல்லுக்குள் சென்று எலக்ட்ரானை எடுத்து வந்து மின்முனையில் இறக்கிவிடும். மூட்டை தூக்கும் கூலியாளைப் போல. பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்காக ஈஸ்ட்டும் மெத்திலீன் நீலமும் கொண்டு செய்யப்பட்ட பாடக் கருவியும் இதே தத்துவத்தில் அமைந்ததே. நம் பள்ளி ஆய்வகங்களிலும் எளிதாகச் செய்யக்கூடியது.

சாயம் விலை கூடியது, சிலவகை நச்சுத்தன்மை உடையது, கழிவுநீரோடு ஓடிப் போய்விடும். எனவே இது ஆய்வகத்தைத் தாண்டவில்லை. ‘எலக்ட்ரானை வெளியே கொண்டுவர ஒரு தூதுவர் தேவை’ என்ற எண்ணம் மட்டும் பாடமாக நிலைத்துவிட்டது. அந்தப் பாடம் தவறு என்று காட்டியது மின்சாரத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வு.

துருவைச் சுவாசிக்கும் உயிர்கள்

நாம் உண்ட உணவிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிக்கப்பட்டு, படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. சுவாசித்தல் என்பதன் உட்பொருள் இதுவே. ஆற்றின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. இரும்புத் துரு உண்டு. 1987இல் டெரெக் லவ்லி, வாஷிங்டன் அருகே ஓடும் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவிடம் எலக்ட்ரான்களைக் கொடுத்து, துருவைக் காந்தக் கனிமமான மேக்னடைட்டாக மாற்றுவதைக் காட்டினார். பின்னாளில் அதற்கு ஜியோபாக்டர் மெட்டாலிரெடூசன்ஸ் என்று பெயரிடப்பட்டது. அடுத்த ஆண்டே சார்ல்ஸ் மையர்சும் கென்னத் நீல்சனும் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியிலிருந்து மாங்கனீசைச் சுவாசிக்கும் ஒரு பாக்டீரியாவை விவரித்தனர். இப்போது அதன் பெயர் ஷிவானெல்லா ஒனைடென்சிஸ்.

துரு திண்மப் பொருள், செல்லுக்குள் நுழையாது. ஆகவே இந்த பாக்டீரியாக்கள் எலக்ட்ரானைச் செல்லுக்கு வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும். துருவிடம் கொடுக்க முடிந்தது கரித்தண்டிடம் கொடுக்க முடியாதா? தென்கொரியாவில் கிம் பியுங் ஹாங் குழுவினர் 1999இல் ஷிவானெல்லா வகையைக் கொண்டு, எந்தச் சாயமும் இல்லாமல் மின்முனையில் நேரடியாக மின்னோட்டம் கிடைப்பதைக் காட்டினர்.

யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி

கழிவுநீரில் மின்முனையை வைத்தால் சில வாரங்களில் அதன்மேல் வழவழப்பான ஒரு படலம் வளரும். மின்னோட்டம் அதோடு சேர்ந்து உயரும். படலத்தைச் சுரண்டித் தட்டில் வளர்த்தால் என்ன ஆகும்? பெரும்பாலானவை வளரவே வளராது. இயற்கைச் சூழலில் உள்ள நுண்ணுயிர்களில் நூற்றில் ஒன்றுகூட வழக்கமான வளர்ப்புத் தட்டில் முளைப்பதில்லை என்பது நுண்ணுயிரியலாரின் பழைய மனக்குறை. முளைப்பவைதான் மின்சாரம் தந்தவை என்று சொல்லவும் வழியில்லை. தொட்டியில் உள்ள ஊரையே, கதவைத் திறந்து வெளியே வந்த நான்கு பேரைக்கொண்டு மதிப்பிடுவது போன்றது அது.

இந்தக் கதவை உடைத்தது மின்வேதியியல் அல்ல, வகைப்பாட்டியல். 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் வரிசையை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையை வரைந்தனர். பாக்டீரியாவில் இதற்குப் பயன்படுவது 16எஸ் எனப்படும் மரபணு. ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம் உடையது. அதன் சில பகுதிகள் எல்லா இனங்களிலும் ஒன்றுபோல் இருக்கும், சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாப் பகுதியைப் பிடித்துப் படியெடுத்து, மாறும் பகுதியைப் படித்தால், உரியவரின் குடும்பப் பெயர் தெரிந்துவிடும். உயிரை வளர்க்க வேண்டியதில்லை; சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தால் போதும்.

2002இல் டேனியல் பாண்ட், டான் ஹோம்ஸ், லெனர்ட் டெண்டர், லவ்லி ஆகியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இம்முறையை மின்முனைக்குக் கொண்டுவந்தது. பாஸ்டன் துறைமுகத்துக் கடற்சேற்றில் ஒரு மின்முனையைப் புதைத்து, மேலே உள்ள நீரில் மற்றொன்றை வைத்து இணைத்தனர். மின்னோட்டம் தந்த மின்முனையின் மேற்பரப்பில் இருந்த டி.என்.ஏ.வையும், கம்பி இணைக்காமல் புதைத்த மின்முனையின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டனர். மின்னோட்டம் தந்ததில் ஜியோபாக்டர் குடும்பத்தைச் சேர்ந்தவை திரண்டிருந்தன. இணைக்காததில் அந்தத் திரட்சி இல்லை. பாட்டர் அளந்த மின்சாரத்தின் ஊற்றுக்கு முதன்முதலாக ஒரு பெயர் கிடைத்த இடம் என்று இதைச் சொல்லலாம். ஆய்வில் மிக முக்கியமான பொருள் கம்பி இணைக்காத அந்த இரண்டாவது மின்முனை. அது இல்லாவிட்டால் சேற்றில் பொதுவாக இருப்பது எது, மின்சாரத்துக்காகக் கூடியது எது என்று பிரித்தறிந்திருக்க முடியாது. பின்னாளில் வந்த எத்தனையோ ஆய்வுகளில் இந்த ஒப்பீடு இல்லாமல் வெறும் பெயர்ப் பட்டியல் மட்டும் வந்திருப்பது வருந்தத்தக்கது.

மரபணுத்தொகை சொன்னவை

ஓர் உயிரின் முழு டி.என்.ஏ. வரிசையும் அதன் மரபணுத்தொகை. தனித்து வாழும் ஓர் உயிரின் மரபணுத்தொகை முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது 1995இல். ஷிவானெல்லா ஒனைடென்சிஸின் மரபணுத்தொகை 2002இலும், ஜியோபாக்டர் சல்ஃபர்ரெடூசன்ஸின் மரபணுத்தொகை 2003இலும் வெளியாயின.

ஜியோபாக்டரின் தொகை சுமார் 38 லட்சம் எழுத்துகள். அதில் சி-வகை சைட்டோகுரோம்களுக்கான மரபணுக்கள் நூற்றுக்கு மேல் இருந்தது ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. சைட்டோகுரோம் என்பது இரும்பைக் கொண்ட, எலக்ட்ரானைக் கைமாற்றும் புரதம். ஷிவானெல்லாவில் சுமார் 40 இருந்ததே அதிகம் என்று எண்ணப்பட்டது. துருவையும் மின்முனையையும் எட்டிப் பிடிக்க இவ்வுயிர் எத்தனை கைகளை வளர்த்து வைத்திருக்கிறது என்பதை வேறு எந்தச் சோதனையும் இப்படிக் காட்டியிருக்காது.

இன்னொரு செய்தியும் இருந்தது. ஆக்சிஜன் பட்டால் மடியும் உயிர் என்று ஜியோபாக்டர் கருதப்பட்டு வந்தது. அதன் மரபணுத்தொகையிலோ ஆக்சிஜனைக் கையாளும் புரதங்களுக்கான மரபணுக்கள் இருந்தன. ஆய்வகத்தில் திரும்பச் சோதித்தபோது, குறைந்த அளவு ஆக்சிஜனை அது சுவாசித்து வளரவும் செய்யும் என்று 2004இல் தெரியவந்தது. வளர்ப்புத் தட்டு பல ஆண்டுகளாகச் சொல்லாததை எழுத்து வரிசை சொன்னது.

2006இல் ராதாகிருஷ்ணன் மகாதேவன் முதலானோர், ஜியோபாக்டர் சல்ஃபர்ரெடூசன்ஸின் மரபணுத்தொகையிலிருந்து அதன் வளர்சிதை மாற்றம் முழுவதையும் ஒரு கணக்கு மாதிரியாகக் கட்டினர். எந்த உணவு கொடுத்தால் எத்தனை எலக்ட்ரான் வெளியே வரும், எத்தனை உடல் வளர்ச்சிக்குப் போகும் என்பதைக் கணினியில் கேட்டுப் பார்க்க இது வழிசெய்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்த மகாதேவன் இப்போது டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்.

எலக்ட்ரான் செல்லிலிருந்து மின்முனை வரை எப்படிப் போகிறது என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. 2005இல் ஜெம்மா ரெகேரா, லவ்லி குழுவினர் ஜியோபாக்டரின் மெல்லிய உரோமங்கள் மின்கடத்தும் நுண்கம்பிகள் என்று அறிவித்தனர். 2019இல் ஏல் பல்கலைக்கழகத்தின் நிகில் மால்வங்கரும் வர்ஜீனியாவின் எட்வர்ட் ஈகல்மேனும் இடம்பெற்ற குழு, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அக்கம்பிகள் ஓ.எம்.சி.எஸ். என்னும் சைட்டோகுரோம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம் என்று தெரிந்தது. ஒவ்வொரு மணியிலும் இரும்பு கொண்ட ஆறு ஹீம்கள். உரோமமும் கடத்துகிறது என்று லவ்லி தரப்பு தொடர்ந்து வாதிடுகிறது.

கூட்டமாகப் படித்தல்

தனி உயிரின் தொகையைப் படிப்பது ஒரு குடும்பத்தின் பத்திரத்தைப் படிப்பது. கழிவுநீர்த் தொட்டி ஒரு ஊர். அதன் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிழித்துக் கலந்து, துண்டுகளைப் படித்து, பிறகு கணினியால் ஒட்டவைக்கும் முறைக்குக் கூட்டு மரபணுத்தொகை ஆய்வு எனலாம்; இதற்கான மெட்டாஜீனோம் என்ற சொல்லை 1998இல் ஜோ ஹாண்டெல்ஸ்மன் குழுவினர் வழக்குக்குக் கொண்டுவந்தனர். 16எஸ் முறை பெயரை மட்டும் தரும். கூட்டு மரபணுத்தொகை ஒவ்வொருவரும் என்ன வேலை செய்யத் தகுதி உடையவர் என்பதையும் தரும்.

தகுதி இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. இறந்துபோன செல்லின் டி.என்.ஏ.வும் மாதிரியில் வரும். எந்த மரபணு இப்போது இயங்குகிறது என்று அறிய ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டும். ஷுனிச்சி இஷியி, நீல்சன் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டு. கழிவுநீரில் இயங்கிய ஒரு மின்கலத்தில் மின்முனையின் நிலையைத் திடீரென மாற்றி, உடனே கூட்டம் முழுவதின் ஆர்.என்.ஏ.வையும் எடுத்துப் படித்தனர். மின்முனையோடு தொடர்புடையவரின் மரபணுக்கள்தான் அந்த மாற்றத்துக்கு உடனடியாக எதிர்வினை காட்டும். வெறுமனே குடியிருப்பவர் அசையமாட்டார். கூட்டத்தில் ஏராளமான இனங்கள் இருந்தாலும் மின்முனையோடு நேரடியாகப் பரிமாற்றம் செய்பவை சிலவே என்பதும், அவற்றுக்குள்ளும் நெருங்கிய உறவினர்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டனர் என்பதும் தெரிந்தன. வகுப்பில் குறும்பு செய்தது யார் என்று கண்டுபிடிக்க ஆசிரியர் திடீரெனத் திரும்பிப் பார்ப்பது போன்ற உத்தி இது.

வளர்க்கவே முடியாத உயிரையும் இம்முறையால் அறியலாம் என்பதற்குக் கேபிள் பாக்டீரியா சான்று. டென்மார்க்கின் லார்ஸ் பீட்டர் நீல்சன் குழுவினர் கடற்சேற்றில் சென்டிமீட்டர் தூரம் மின்னோட்டம் பாய்வதை 2010இலும், அதைச் சுமப்பவை ஆயிரக்கணக்கான செல்கள் கோத்த இழைகள் என்பதை 2012இலும் அறிவித்தனர். தனி வளர்ப்பாக அவற்றை வளர்க்க இயலாத நிலையிலேயே, 2019இல் அவற்றின் மரபணுத்தொகை ஆய்வு வெளிவந்தது. 2020இல் நெற்பயிர் வளர்த்த தொட்டி மண்ணில் கேபிள் பாக்டீரியாவைச் சேர்த்தபோது மீத்தேன் வெளியேற்றம் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. தொட்டியில் கிடைத்தது வயலில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி என்றாலும், காவிரிப் பாசன மாவட்டங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சாண எரிவாயுத் தொட்டியிலும் மின்சாரம்

சேகோ ஆலைகளைப் பொறுத்தவரை மேலே சொன்ன அனைத்தையும்விட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அது மின்கலத்தைப் பற்றியதல்ல.

2010இல் ஜாரத் சம்மர்ஸ், லவ்லி குழுவினர் இரண்டு ஜியோபாக்டர் இனங்களை, தனித்து வாழ முடியாத, சேர்ந்தால் மட்டுமே வாழக்கூடிய உணவில் வளர்த்தனர். ஒன்று எத்தனாலைச் சிதைக்கும். எலக்ட்ரானைக் கொடுக்க இடமில்லை. மற்றதற்குக் கொடுக்குமிடம் உண்டு, உணவில்லை. நாளடைவில் இரண்டும் உருண்டைகளாகத் திரண்டு வேகமாக வளர்ந்தன. திரண்ட செல்களின் மரபணுத்தொகையைத் திரும்பப் படித்தபோது, பில்ஆர் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் நிலைபெற்றிருந்தது தெரிந்தது; ஓ.எம்.சி.எஸ். புரதமும் கூடியிருந்தது. இரண்டும் நேரடியாக மின்தொடர்பு ஏற்படுத்திக்கொண்டிருந்தன. இடையில் கம்பியும் இல்லை, கரித்தண்டும் இல்லை.

2014இல் அமேலியா ரோடாரு முதலானோர் பீர் ஆலைக் கழிவுநீரின் எரிவாயுத் தொட்டியில் இதே உறவைக் கண்டனர். மீத்தனோசீட்டா என்னும் மீத்தேன் உண்டாக்கும் உயிர் அசிட்டிக் அமிலத்தை மட்டுமே பயன்படுத்தும் என்பது பாடநூல் கருத்து. தொட்டியின் ஆர்.என்.ஏ.வில், கார்பன் டை ஆக்சைடை மீத்தேனாக்கும் மரபணுக்கள் அதில் முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருந்தன. அதற்கான எலக்ட்ரான்களை ஜியோபாக்டர் நேரடியாகக் கொடுத்தது.

சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகள் பலவற்றில் கழிவுநீரைக் காற்றுப்புகாத தொட்டியில் விட்டு எரிவாயு எடுக்கும் முறை ஏற்கெனவே உள்ளது. ஆலைக்காரர்கள் அறிந்தது எரிவாயு. உள்ளே நடப்பதில் ஒரு பங்கு மின்சாரமாகவும் இருக்கக்கூடும். அமிலம் கூடி எரிவாயு குறைந்துபோகும் நாட்களில் எந்த உறவு அறுந்தது என்பதை மரபணு ஆய்வுதான் சொல்ல முடியும்.

இந்தியாவில்

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. அங்கு ஷீலா பெர்க்மான்ஸ் குழுவினர், காடியை உண்டாக்கும் அசிட்டோபாக்டர் அசெட்டி, குளுக்கோனோபாக்டர் ரோசியஸ் ஆகிய பாக்டீரியாக்களும் மின்முனைக்கு எலக்ட்ரான் தரும் என்பதை 2009இல் வெளியிட்டனர். அமிலத்தில் வாழப் பழகியவை இவை. புளித்த சேகோ நீரைக் கருதும்போது இந்த ஆய்வுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஜியோபாக்டருக்கு அமிலச் சூழல் ஒவ்வாது.

ஐதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் எஸ். வெங்கட மோகன் காய்கறிக் கழிவு முதல் பலவகைக் கழிவுநீர்களைக் கலப்பு நுண்ணுயிர்க் கூட்டங்களோடு ஆராய்ந்தார். 2014ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மகரந்த் காங்ரேக்கர் கழிப்பறைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் அமைப்பை உருவாக்கினார். மரவள்ளிக் கழிவுநீரைப் பொறுத்தவரை, தாய்லாந்து ஆய்வாளர்கள் அதை நுண்ணுயிர் மின்கலத்தில் சுத்திகரித்து மின்சாரம் எடுத்த ஆய்வை 2011இல் வெளியிட்டனர்.

கணக்கு என்ன சொல்கிறது

‘கழிவுநீரில் விளக்கு எரியும்’ என்ற தலைப்புகள் பத்திரிகைகளில் அவ்வப்போது வரும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஆய்வகக் கலம் ஒரு சதுர மீட்டர் மின்முனைக்குச் சுமார் ஒரு வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குதிரைத்திறன் கிணற்று மோட்டார் சுமார் 3,700 வாட். அதை ஓட்ட 3,700 சதுர மீட்டர் மின்முனை, ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பு வேண்டும்.

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். ஒரு கிலோ வேதி ஆக்சிஜன் தேவைக்கு ஈடான கழிவு எரிவாயுத் தொட்டியில் முழுவதும் மாறினால் சுமார் 0.35 கன மீட்டர் மீத்தேன் தரும். அதன் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 3.5 யூனிட், எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். அதே கழிவின் எலக்ட்ரான்கள் ஒன்றுகூட வீணாகாமல் 0.4 வோல்ட்டில் மின்முனைக்கு வந்தால் 1.3 யூனிட். ஆனால் கூட்டத்தில் மின்முனைக்குக் கொடுக்காமல் தாமே உண்பவரும் மீத்தேனாக்குபவரும் பலர். எலக்ட்ரான்களில் கால் பங்கு வந்தால் 0.3 யூனிட்தான். எந்த இனம் எவ்வளவு தின்றுவிடுகிறது என்ற இந்தக் கசிவுக் கணக்கே மரபணுத்தொகை ஆய்வு தீர்க்க வேண்டிய வேலை. அது தீரும்வரை ஆலைக்காரர் எரிவாயுத் தொட்டியை நம்புவதே புத்திசாலித்தனம். நீரைத் தூய்மையாக்குவதில் மின்கலத்துக்கு மதிப்பு உண்டு. மின்கட்டணத்தைக் குறைப்பதில் இப்போதைக்கு இல்லை.

டி.என்.ஏ. படிக்கும் கருவி ஒரு காலத்தில் அறை நிறைய இருந்தது. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மினியான் கருவி கையில் அடங்கும், மடிக்கணினியில் செருகி இயக்கலாம். சேலத்துக் கல்லூரி ஒன்று சேகோ தொட்டியின் கூட்டத்தைப் படிக்க நினைத்தால் கருவி இனி பெரிய தடையல்ல. மாதிரியெடுப்பில்தான் கவனம் வேண்டும். நன்றாக எரிவாயு தரும் நாளிலும் தராத நாளிலும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைக்க வேண்டும், ஆர்.என்.ஏ. சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். வெறும் நீரை மட்டும் கொண்ட ஒரு குப்பியையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுசெல்ல வேண்டும், வேதிப்பொருள்களில் ஒட்டிவரும் அயல் டி.என்.ஏ.வைப் பிரித்தறிய. ஒவ்வொரு குப்பியின் மேலும் தொட்டியின் ஆழம், அமிலத்தன்மை, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும்.